கொடிமலையில் ஒரு கிலோ

"தம்பி, உன் தராசு என்னைத் திருடனாக்கிடுச்சு!"

1991-இல் ஒரு காலை நேரம், மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வைத்திருந்த பத்தர் ஒருவர் போனில் போட்ட சத்தம் இது. அப்போது எனக்கு முப்பது வயது. தராசு பார்க்கும் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தராசு பார்ப்பது என்றால் பழுது பார்ப்பது, சரிபார்ப்பது, வருடாந்திர முத்திரைக்குத் தயார் செய்து கொடுப்பது. நகைக்கடை, மருந்துக்கடை, மீன் மார்க்கெட், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை எல்லாம் என் பிழைப்பு. இன்றைக்கும் அதே வேலைதான். மூட்டுவலி மட்டும் கூடுதல்.

நடந்தது இதுதான். ஓர் அம்மா தன் ஐந்து பவுன் சங்கிலியை விற்க வந்திருக்கிறார். பக்கத்துக் கடையில் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டார், சரியாக 40 கிராம். பத்தரின் புத்தம்புது ஜெர்மன் மின் தராசு 39.87 என்று காட்டியிருக்கிறது. "இதுக்குத்தான் புதுத் தராசு வாங்கினியா?" என்று அந்த அம்மா வாசலில் நின்று கேட்டது தெரு முழுக்கக் கேட்டதாம்.

நான் போய் என் 100 கிராம் எடைக்கல்லை வைத்தேன். 99.68. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். 99.68. பத்தர் ஒன்றும் பேசாமல் கண்ணாடி அலமாரியைத் திறந்து, அவர் அப்பா காலத்துச் சின்ன இரட்டைத்தட்டுத் தராசை எடுத்துக் கையில் தூக்கிப் பிடித்தார். ஒரு தட்டில் சங்கிலி, மறு தட்டில் பித்தளைக் கற்கள். முள் ஆடி ஆடி நடுவில் வந்து நின்றது. நாற்பது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

தராசை இறக்குமதி செய்து விற்ற கோலாலம்பூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். (பெயர் வேண்டாம்.) "பொத்தானை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு கல்லை வைக்கணும். பெட்டியில இருந்து எடுத்து அப்படியே ஓட்டிட்டீங்களா?" என்று என்மேலேயே பழியைப் போட்டார்கள். அப்படிச் செய்யவேண்டும் என்று அவர்கள் கொடுத்த தாளில் ஒரு வரி கிடையாது. சொன்னபடி செய்தேன், சரியாகிவிட்டது. ஏன் சரியாகிறது என்று கேட்டதற்கு வந்த பதில்: "நம்ம ஊரு வெயிலு இல்லையா, அதான்."

அந்தப் பதிலில் எனக்குத் திருப்தியில்லை. அன்றிலிருந்துதான் வேலைக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

இரட்டைத்தட்டுத் தராசு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பூமி நகையையும் இழுக்கிறது, கல்லையும் இழுக்கிறது. ஊர் மாறினால் இரண்டின் இழுப்பும் சேர்ந்தே மாறும். நிலாவில் கொண்டுபோய்ப் பிடித்தாலும் நாற்பது நாற்பதுதான். மின் தராசுக்கு ஒப்பிட எதிர்த்தட்டு கிடையாது. தட்டுக்கு அடியில் ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் இருக்கும். பொருளை வைத்ததும் தட்டு இறங்கப் பார்க்கும். அதை இறங்கவிடாமல் தாங்க எவ்வளவு மின்சாரம் வேண்டியிருந்தது என்று பார்த்து, அதைக் கிராமாக மாற்றி எண்ணில் காட்டும். அதாவது அது அளப்பது பூமி அந்தச் சங்கிலியை இழுக்கும் விசையை. பள்ளியில் இதைத்தான் பொருண்மை வேறு, எடை வேறு என்று சொல்லிக் கொடுத்தார்கள் (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பொருண்மைக்கு நிறை என்று இருக்கும்). பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். விளங்கியது பத்தர் கடையில்தான்.

ஜெர்மனியில் புவியீர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி கூடும் அளவு, மீட்டர் கணக்கில்) சுமார் 9.81. பினாங்கில் 9.78. ஆயிரத்துக்கு மூன்று பங்கு குறைவு. ஜெர்மனியில் 100 கிராம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட தராசு, இங்கே வந்ததும் 99.68 என்றது. அந்த அம்மாவுடைய சங்கிலியில் காணாமல் போன 0.13 கிராமைத் தின்றது பூமியின் இடுப்பு. நிலநடுக்கோட்டில் பூமி புடைத்திருக்கிறது. நடுவிலிருந்து துருவத்துக்கு 6357 கிலோமீட்டர் என்றால் நிலநடுக்கோட்டுக்கு 6378. மையத்திலிருந்து நாம் கூடுதலாகத் தள்ளி நிற்கிறோம். போதாததற்கு, மணிக்கு 1660 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுற்றிக்கொண்டும் இருக்கிறோம். துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சுழற்சியால் வருவது.

எனக்கு முன்பே இந்த அவமானத்தைப் பட்டவர் ஒருவர் இருந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசிலிருந்து ஊசல் கடிகாரத்தோடு தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்கு நட்சத்திரம் பார்க்கப் போனார். பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கினால்தான் நேரம் காட்டியது. நியூட்டன் 1687-இல் பூமி நடுவில் புடைத்தது என்று வாதிட்டபோது இந்தக் கடிகாரத்தைச் சாட்சிக்கு இழுத்தார். கயேன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகை. பினாங்கும் ஐந்து பாகை சொச்சம். ரிஷே இங்கே வந்திருந்தாலும் அதே இரண்டரை நிமிடத்தைத்தான் இழந்திருப்பார். விக்டோரியா மகாராணியின் 60 வருட ஆட்சிக்காக 60 அடி உயரத்தில் கட்டிய நம் மணிக்கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வரும். போரில் விழுந்த குண்டுகளால் அது கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்பதால், அந்தப் பக்கம் போனால் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் கையை நீட்டிப் பார்ப்பேன். என் மனைவி பத்தடி முன்னால் நடந்து போய்விடுவாள்.

சரி, பழைய கதையை இப்போது எழுதக் காரணம் என் பேத்தி. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். போன பள்ளி விடுமுறையில் கோப்பிக்கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, இங்கேருந்து நேராக் கீழே தோண்டிக்கிட்டே போனா எங்கே போய் வரும்?"

பக்கத்தில் இருந்த என் நண்பர் கோயில் காரியங்களில் முன்நிற்பவர். "அதலம், விதலம், சுதலம்... ஏழு லோகம் தாண்டணும்மா" என்று ஆரம்பித்தார். நான் போனில் கணக்குப் போட்டேன். பினாங்கு வடக்கே 5.4 பாகை, கிழக்கே 100.3. எதிர்ப்பக்கம் தெற்கே 5.4, மேற்கே 79.7. பெரு நாட்டின் வடக்கே பியூரா வட்டாரம், ஆண்டிஸ் மலை ஏறத் தொடங்கும் இடம். கோலாலம்பூரில் தோண்டினால் ஈக்குவடோரில் வருவோம். பூமியில் பெரும்பாலான இடங்களில் நேராகத் தோண்டினால் மறுபக்கம் கடல்தான். நமக்குத் தரை கிடைத்திருக்கிறது.

கொஞ்சம் தெற்கே போனால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் டுமாய் ஊருக்கு அருகே தோண்டினால் ஈக்குவடோரின் சிம்பொராசோ மலைக்கு அடியில் போய் முட்டுவோம். எவரெஸ்ட்டைவிட இரண்டரை கிலோமீட்டர் குட்டையான மலை. ஆனால் நிலநடுக்கோட்டுப் புடைப்பின்மேல் நிற்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் உலகத்திலேயே தொலைவான உச்சி அதுதான், 6384 கிலோமீட்டர். இந்த மலையை மறக்காதீர்கள், கடைசியில் வருகிறது.

"அப்ப நான் குதிச்சா பெருவுக்குப் போயிடுவேனா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு கோப்பி ஆனது.

முதலில், 'நேராகக் கீழே' என்பதே இடறுகிறது. பினாங்கில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் கோட்டை அப்படியே நீட்டினால் அது பூமியின் நடுமையத்துக்குப் போகாது, சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போகும். உருண்டை சப்பையாக இருப்பதால் வரும் வினை. நிலநடுக்கோட்டிலும் துருவத்திலும் மட்டும்தான் தூக்குக்குண்டு மையத்தைக் குறிவைக்கும். கொத்தனார் சுவர் எழுப்ப இது பாதகமில்லை. கிணறு 6371 கிலோமீட்டர் என்றால் இடிக்கும்.

அடுத்தது, சுழற்சி. நாம் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறோம், பூமியின் மையம் ஓடவில்லை. கீழே போகப்போகக் கிணற்றுச் சுவரின் வேகம் குறையும், நம் வேகம் அப்படியே இருக்கும். ஆகவே கிழக்குச் சுவரில் போய் உரசுவோம். பாலிக் புலாவ் தோட்டத்தில் இருபது மீட்டர் மரத்திலிருந்து விழும் டுரியான்கூடக் கணக்குப்படி இரண்டு மில்லிமீட்டர் கிழக்கே தள்ளித்தான் விழவேண்டும். காற்றும் கிளையும் இருக்கும் தோட்டத்தில் அதை யாரும் அளக்க முடியாது. ஆனாலும் இதைச் சொன்னதிலிருந்து பேத்தி டுரியான் மரத்துக்கு மேற்குப் பக்கமாகத்தான் நிற்கிறாள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, காற்று, சூடு, சுவர் எதுவும் தடுக்காது என்று வைத்துக்கொண்டால் மறுபக்கம் போக எவ்வளவு நேரம்? பூமி உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரிக் கனமானது என்று கொண்டால் 42 நிமிடம். பாடப்புத்தகக் கணக்கு. பூமியின் உண்மையான உள் அடுக்குகளை வைத்துப் போட்டால் 38 நிமிடம். நான்கு நிமிடம் மிச்சம் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. தராசுக்காரனாக யோசித்த பிறகுதான் பிடிபட்டது.

அந்தக் கிணற்றில் ஒரு லிஃப்ட் மெதுவாக இறங்குகிறது, அதற்குள் என் மின் தராசு, மேலே பத்தரின் 100 கிராம் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகப்போக எடை குறைந்துகொண்டே வந்து நடுவில் பூஜ்யமாகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம் தலைக்கு மேலே இருக்கும் ஓடு நம்மை எந்தப் பக்கமும் இழுக்காது, எல்லாப் பக்க இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று நியூட்டன் காட்டியிருக்கிறார். காலுக்குக் கீழே இருப்பது மட்டும்தான் கணக்கு. கீழே போகப்போக அது குறைகிறது, உண்மைதான். ஆனால் அதன் மையம் கிட்டே வருகிறதே! பூமியின் கனமெல்லாம் நடுவில் குவிந்திருக்கிறது. மேலே கருங்கல் தண்ணீரைப்போல 2.7 மடங்கு அடர்த்தி என்றால், நடுக்கருவில் 13 மடங்கு. கருவை நெருங்கும் லாபம், மேலே விட்டுவந்த ஓட்டின் நஷ்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே ஆயிரம் கிலோமீட்டர், இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று இறங்கினாலும் தராசு கிட்டத்தட்ட 100-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும். பிறகு கூடும். 2890 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை முடிந்து இரும்புக் கரு தொடங்கும் இடத்தில் 109 கிராம். தங்கம் விற்பதற்குத் தோதான இடம் அதுதான். அதற்குக் கீழேதான் எடை மடமடவென்று இறங்கி, நடுவில் பூஜ்யம்.

பாதி வழிவரை இழுப்பு குறையாமல் இருப்பதால்தான் அந்த நான்கு நிமிட மிச்சம்.

"உள்ள போய்ப் பார்த்த ஆளு யாரு?" என்று நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் துளைக்கத் தொடங்கி 1989-இல் 12,262 மீட்டர் வரை போனார்கள். அடியில் 180 பாகை செல்சியஸ் சூடு, மேற்கொண்டு துளைக்க முடியவில்லை. ஐந்நூறு பக்கப் புத்தகத்தில் முதல் பக்கத்தைத் திறந்ததற்குச் சமம் அது. மற்றதெல்லாம் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது, மார்க்கெட்டில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல. நிலநடுக்கம்தான் தட்டுகிற கை. அந்த அதிர்வு பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும்போது எங்கே வளைந்தது, எவ்வளவு தாமதித்தது என்று பார்த்தால் உள்ளே இருப்பது தெரிகிறது. இங்கெ லேமன் என்ற டென்மார்க் பெண்மணி, 1929-இல் நியூசிலாந்தில் நடந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில் வரக்கூடாத இடத்தில் வந்திருந்த சில அதிர்வுகளைப் பிடித்துக்கொண்டு, உருகிய கருவுக்குள்ளே இன்னொரு கரு இருக்கிறது என்று 1936-இல் சொன்னார். கணினி இல்லாத காலம். பதிவுகளை அட்டை அட்டையாக எழுதி ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தாராம். 104 வயது வரை வாழ்ந்தார். என் மனைவி பழைய மைலோ டின்னில் மின்கட்டண ரசீதுகளை அடுக்கி வைப்பதைக் கேலி செய்வதை நான் இந்தக் கதையைப் படித்ததும் நிறுத்திவிட்டேன்.

அதே 1936-இல்தான் என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தனிமை, பிறகு கெடாவில் ரப்பர் தோட்டம். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் வாந்தியும் சோற்றின் ருசியும்தான். அவர் தெரியாமலே செய்த ஒரு காரியத்தை நான் அவருக்குச் சொல்ல முடியாமல் போனது. அந்தக் கப்பல் மேட்டில் ஏறி வந்திருக்கிறது.

உலகத்திலேயே கடல் மட்டம் மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. பூமியைக் கணக்குக்காக வழுவழுப்பான ஒரு சப்பை உருண்டையாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், அங்கே கடல் 106 மீட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே அடியில் ஆழத்தில் கனம் குறைவு. ஈர்ப்பு குறைந்ததால் தண்ணீர் கனமான பக்கங்களுக்கு விலகிப் போயிருக்கிறது. இந்தப் பள்ளம் 1948-இலேயே தெரியும். காரணம் என்ன என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர் 2023-இல் சொன்னது: ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து சூடான, லேசான பாறைக்குழம்பு கிழக்கே நகர்ந்து வந்து அங்கே மேலெழுகிறது. நாகப்பட்டினம் அந்தப் பள்ளத்தின் சரிவுக்குள் இருக்கிறது. பினாங்குக்கு வருவதற்குள் சரிவு பெரும்பாலும் ஏறிவிடுகிறது. வித்தியாசம் அறுபது மீட்டருக்கு மேல், ஏறத்தாழ இருபது மாடி.

இருபது மாடி ஏறியும் ரஜூலா எரிபொருளைக் கொஞ்சமும் கூடுதலாக எரித்திருக்காது. மேஜையில் வைத்த கோலிக்குண்டு உருண்டிருக்காது. ஏனென்றால் 'சமமட்டம்' என்று நாம் சொல்வதே தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாத பரப்பைத்தான். அந்தப் பரப்பே வளைந்து, பள்ளமும் மேடுமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு தராசிலும் ஒரு நீர்மட்டக் குமிழி இருக்கும். நான் தினமும் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தக் குமிழிக்குத் தெரிந்த 'கீழே' அந்த ஊர்க் 'கீழே' மட்டும்தான் என்பது எனக்கு வேலைக்கு வந்து இருபது வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இழுப்பு நிரந்தரமும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பினாங்கிலேயே ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். அந்த நிலநடுக்கத்தில் பாறை இடம்பெயர்ந்ததால் அந்தமான் கடல் பக்கம் ஈர்ப்பு மிகச் சிறிதளவு குறைந்ததை, மேலே சுற்றிக்கொண்டிருந்த கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்தன. என் கையில் இருக்கும் எந்தத் தராசுக்கும் அது எட்டாது.

எட்டக்கூடியது ஒன்று இருந்தது. அதைப் பேத்திக்குக் காட்டலாம் என்று தோன்றியது.

பூகே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், பூமியின் வடிவத்தை அளக்க 1735-இல் தென் அமெரிக்கா போன குழுவில் இருந்தவர். சிம்பொராசோ மலை தூக்குக்குண்டைப் பக்கவாட்டில் இழுக்கிறதா என்று முதலில் பார்த்தவர் அவர். கடற்கரையிலும் மலைமேலிருந்த கீத்தோ நகரத்திலும் ஊசலை ஆட்டியும் பார்த்தார். உயரே போனால் மையத்திலிருந்து விலகுகிறோம், ஈர்ப்பு குறையவேண்டும். குறைந்தது. ஆனால் கணக்குப்படி குறையவேண்டிய அளவுக்குக் குறையவில்லை. பாக்கியைக் காலுக்குக் கீழே இருக்கும் மலை இழுத்து ஈடுசெய்கிறது. அந்தப் பாக்கியை வைத்து, மலைப்பாறையைவிடப் பூமி மொத்தத்தில் நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி என்று கணக்குச் சொன்னார்.

எனக்கு ஆண்டிஸ் கிடையாது. பினாங்கில் கொடிமலை இருக்கிறது.

கடையிலிருந்த இரண்டு கிலோ தராசை எடுத்துக்கொண்டேன். கடைசி இலக்கம் 0.01 கிராம் காட்டக்கூடியது. ஒரு கிலோ எஃகு எடைக்கல், கையுறை, பேட்டரி, காற்று படாமல் கவிழ்க்க ஒரு கேக் டப்பா. இந்தத் தராசில் தானாகவே சரிசெய்துகொள்ளும் வசதி உண்டு. உள்ளே ஒளிந்திருக்கும் குட்டிக் கல் ஒன்று அவ்வப்போது இறங்கி, 'இந்த ஊரில் இழுப்பு இவ்வளவு' என்று தராசுக்குச் சொல்லிக் கொடுக்கும். பத்தருக்கு 1991-இல் கிடைக்காத வசதி. அன்றைக்கு அதை வேண்டுமென்றே அணைத்தேன். தராசு கீழ் ஊரின் ஞாபகத்தோடு மேலே வரவேண்டும்.

காலையில் மலை ரயிலின் கீழ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு திட்டில் வைத்து, அரைமணி நேரம் சூடேறவிட்டு, குமிழியை நடுவில் கொண்டுவந்து, கல்லை வைத்துச் சரிசெய்தேன். 1000.00. பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். மலை ரயிலில் ஏறினோம். 1923-இலிருந்து ஓடும் தடம். இப்போது ஓடும் பெட்டிகள் புதியவை, 2011-இல் வந்தவை. அந்த ஏற்றத்தில் மடியில் தராசை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைச் சுற்றுலாப் பயணிகள் இருவர் படம் எடுத்தார்கள். மேலே இறங்கியதும் கைப்பேசி சுமார் 650 மீட்டர் ஏற்றம் என்றது. கணக்கு சுலபம்: மலை இழுக்கவில்லை என்றால் ஒரு கிலோவில் 0.20 கிராம் குறையவேண்டும். அதாவது 999.80.

முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு மேஜை. குமிழியைச் சரிசெய்து, டப்பாவைக் கவிழ்த்து, மறுபடி அரைமணி நேரம். காற்று ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை, கடைசி இரண்டு இலக்கமும் ஆடிக்கொண்டே இருந்தன. வழியோடு போன மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் நின்று, "ஜுவால் அப்பா?" என்றார், என்ன விற்கிறீர்கள் என்று. நான் வாய் திறப்பதற்குள் பேத்தி சொன்னாள்: "திம்பாங் புக்கிட்." மலையை எடை போடுகிறோம். அவர் தராசையும் பார்த்தார், மலையையும் பார்த்தார், சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கையுறை போட்டுக் கல்லை வைத்தேன். 999.84. எடுத்து வைத்தேன், 999.86. பத்துமுறை வைத்ததில் நடுவாக 999.85.

0.20 குறையவேண்டியது 0.15 குறைந்திருக்கிறது. பாக்கி 0.05 கிராம். எங்களுக்குக் கீழே இருந்த அத்தனை கருங்கல்லும் சேர்ந்து ஒரு கிலோ எஃகைக் கீழ்நோக்கி இழுத்த இழுப்பு அவ்வளவுதான். ஒரு சோற்றுப் பருக்கையின் எடைகூட இருக்குமா என்று தெரியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து பூகே மாதிரிக் கணக்குப் போட்டேன். கருங்கல்லின் அடர்த்தி 2.65 என்று வைத்துக்கொண்டு போட்டதில் பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் எட்டு மடங்கு என்று வந்தது. தப்பு. ஐந்தரைதான் சரி. கேவண்டிஷ் 1798-இல் தன் வீட்டில் 158 கிலோ ஈய உருண்டைகளை வைத்துக்கொண்டு அதை மிக நெருக்கமாகவே சொல்லிவிட்டார். என் கணக்கு மலையைத் தட்டையான பீடபூமியாக எடுத்துக்கொள்கிறது. கொடிமலை இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கிறது, இழுக்க ஆள் குறைவு. தராசின் கடைசி இலக்கம் ஆடிய ஆட்டம் வேறு. பூகேயும் அதிகமாகத்தான் சொல்லியிருந்தார், என்னைவிட அதிகமாக. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பெரியவர் தன் பையிலிருந்து ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தார். 92 கிராம் சொச்சம். "மார்க்கெட்டுல இதைவிடக் கூடக் காட்டும்" என்று மலாயில் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். நூறில் ஒரு பங்கு கிராம் என்றதும் பழத்தை உரித்துப் பாதியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

கீழே இறங்கியதும் அதே திட்டில், அதே குமிழி, அரைமணி நேரம், அதே கல். நியாயப்படி 1000.00 வரவேண்டும்.

1000.01.

"தாத்தா, இந்த ஒன்னு எங்கேருந்து வந்துச்சு?"

காலையைவிட வெயில் ஏறியிருந்தது, தராசுக்குள் சூடு மாறியிருக்கும் என்றேன். அப்படியானால் மேலே குளிரில் எடுத்த எண்ணை மட்டும் எப்படி நம்புவது என்றாள். நான் கல்லைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அவள் நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். அடுத்த விடுமுறைக்கு ஒரு வெப்பமானியும் வாங்கவேண்டும்.